கை தவறிக் கொன்றவன் ஓடிய ஊர்

காட்டில் இரண்டு பேர் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். நேற்று வரை இருவருக்கும் ஒரு வாய்ச்சண்டைகூடக் கிடையாது. ஒருவன் கோடாலியை ஓங்குகிறான். காம்பிலிருந்து இரும்பு கழன்று பறந்து மற்றவன்மேல் படுகிறது. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வெட்ட வந்தவன் கையில் வெறும் காம்புதான் மிச்சம்.

பைபிளின் ஐந்தாவது நூலான உபாகமத்தில், 19ஆம் அதிகாரத்தில் வரும் எடுத்துக்காட்டு இது. சட்டம் சொல்லும் பகுதிதான். ஆனாலும் காடு, மரம், ஓங்கிய கை, கழன்று ஓடும் இரும்பு என்று ஒவ்வொன்றாக நம் கண்முன் வைக்கிறது. கோடாலி பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். வெயில் காலத்தில் காம்பு காய்ந்து சுருங்கும். இரும்பு ஆடத் தொடங்கும். ஆப்பு அடித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஏதோ ஒரு நாள் மறந்துபோகும். அந்த ஒரு நாள் மறதிக்கு எவ்வளவு தண்டனை கொடுப்பது?

அவன் கொலைகாரன் இல்லை. ஆனால் ஒரு மனிதன் செத்துப்போயிருக்கிறான், அவனுடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது எளிது. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் பழைய இஸ்ரவேலர் 'அடைக்கலப் பட்டணங்கள்' என்ற ஏற்பாட்டை வகுத்தார்கள். எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20 ஆகிய அதிகாரங்களில் அது விரிவாக இருக்கிறது. சுருக்கம் இதுதான்: தெரியாமல் ஒருவரைக் கொன்றுவிட்டவன் உடனே ஓட வேண்டும். குறிப்பிட்ட ஆறு ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் விசாரணை முடியும்வரை அவனை யாரும் தொடக்கூடாது. வேண்டுமென்று செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தால் அவன் அந்த ஊரிலேயே தங்க வேண்டும். பிரதான ஆசாரியர், அதாவது தலைமைக் குரு, இறக்கும் நாள்வரை.

யாருக்குப் பயந்து ஓட வேண்டும்? செத்தவனின் நெருங்கிய உறவினனுக்கு. அண்ணனாக இருக்கலாம், மகனாக இருக்கலாம். அந்தக் காலத்தில் கொலைக்கு வழக்குப் போடும் போலீஸ் இல்லை, அடைத்து வைக்கும் சிறைச்சாலையும் இல்லை. குடும்பத்தில் ஒருவன் ரத்தம் சிந்தப்பட்டால் அதற்குக் கணக்குத் தீர்ப்பது குடும்பத்தின் கடமை. தமிழ் பைபிள் அவனைப் 'பழிவாங்குகிறவன்' என்கிறது. எபிரேய மூலத்தில் 'கோயேல் ஹத்தாம்'. 'தாம்' என்றால் ரத்தம். 'கோயேல்' என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வறுமையில் விற்ற பூர்வீக நிலத்தைக் காசு கொடுத்து மீட்கிறவன் கோயேல். கடனுக்கு அடிமையாகப் போன உறவுக்காரனை மீட்டு வருகிறவன் கோயேல். ரூத்தின் கதையில் விதவைக்கு ஆதரவாக வந்து நிற்கும் போவாஸும் கோயேல்தான். குடும்பம் இழந்ததைத் திரும்பக் கொண்டுவருகிற பொறுப்பாளி என்பதே அந்தச் சொல்லின் பொருள். நிலம் போனால் நிலம், ஆள் போனால் ஆள், ரத்தம் போனால் ரத்தம்.

ஆகவே கத்தியோடு துரத்தி வருகிறவனை அந்தச் சட்டம் ரவுடியாகப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்கிறது. அந்தக் கொதிப்போடு துரத்தினால், வழியும் தூரமாக இருந்தால், சாகத் தேவையில்லாத ஒருவன் செத்துப்போவானே என்று கவலைப்படுகிறது. துக்கத்தில் இருப்பவனிடம் 'கோபப்படாதே' என்று சொல்லிப் பயனில்லை என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோபத்தைத் தடுக்க முடியாது. துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் நடுவில் ஒரு மதிலை, ஒரு வாசலை, கொஞ்சம் காலத்தை வைக்க முடியும். அதைச் செய்தார்கள்.

ஆறு ஊர்களில் மூன்று யோர்தான் ஆற்றுக்கு மேற்கே, மூன்று கிழக்கே. மேற்கில் வடக்கிலிருந்து தெற்காக வந்தால் கலிலேயா மலைநாட்டில் கேதேஸ், நடுவில் எப்பிராயீம் மலைநாட்டில் சீகேம், தெற்கே யூதா மலைநாட்டில் எபிரோன். கிழக்கில் பாசானில் கோலான், கீலேயாத்தில் ராமோத், ரூபன் கோத்திரத்தாரின் மேட்டுச் சமவெளியில் பேசேர். சீகேம் இன்றைய நாப்லுஸ் நகரை ஒட்டி, கெரிசீம், ஏபால் என்ற இரண்டு மலைகளுக்கு இடையே இருந்தது. எபிரோன் ஜெருசலேமுக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தள்ளி இன்றும் இருக்கிறது. கோலான் என்ற ஊர்ப்பெயர்தான் இன்று செய்திகளில் அடிபடும் கோலான் குன்றுகளில் மிஞ்சியிருக்கிறது.

எபிரோனிலிருந்து சீகேம் நேர்கோட்டில் ஏறக்குறைய 75 கி.மீ., சீகேமிலிருந்து கேதேஸ் ஏறக்குறைய 100 கி.மீ. நடுவழியில் ஒருவன் கையால் சாவு நேர்ந்துவிட்டால் அவன் 40, 50 கி.மீ. ஓட வேண்டும், அதுவும் மலைப்பாதையில். ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். பின்னால் கோயேல் வருகிறான். இதை நினைத்துப் பார்த்தால்தான் உபாகமம் ஏன் வழியைப் பற்றிப் பேசுகிறது என்பது புரியும். ஊரைக் குறித்துக் கொடுத்தால் போதாது, நாட்டை மூன்று பங்காகப் பிரித்து, போகும் வழியையும் ஆயத்தப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது அது. எல்லை விரிந்தால் இன்னும் மூன்று ஊர்களைச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஓடி வந்து சேர முடியாத அடைக்கலம் அடைக்கலமே இல்லை என்று அவர்கள் நினைத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்த ஆறும் லேவியரின் ஊர்கள். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடப்பட்டபோது, வழிபாட்டுப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்துக்குத் தனிப் பங்கு கொடுக்கவில்லை. மற்றக் கோத்திரங்களின் நிலப்பரப்பில் சிதறலாக 48 ஊர்களும் அவற்றைச் சுற்றி மேய்ச்சல் வெளியும் கொடுத்தார்கள். அந்த 48இல் ஆறுதான் இவை. சொந்த நிலத்தை விட்டு ஓடி வந்தவனைச் சொந்தமாகப் பங்கு நிலம் இல்லாதவர்கள் மத்தியில் வைத்தார்கள். கொல்லப்பட்டவனின் கோத்திரத்துக்கும் கொன்றவனின் கோத்திரத்துக்கும் லேவியர் பொதுவானவர்கள் என்பது நடைமுறைக் காரணமாக இருந்திருக்கலாம்.

இதில் சீகேமின் பழைய கதை வேறு இருக்கிறது. ஆதியாகமம் 34இல் தங்கை தீனாளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிவாங்க, சிமியோனும் லேவியும் அதே ஊருக்குள் வாளோடு புகுந்து ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். எந்த ஊரில் லேவி பழிக்குப் பழி என்று ரத்தம் சிந்தினானோ, அந்த ஊரில் அவன் வழிவந்தவர்கள் பழிக்குத் தப்பி வருகிறவர்களைக் காக்கும்படி ஆயிற்று. பைபிள் இந்த இரண்டையும் சேர்த்து எங்கும் பேசவில்லை. ஆனால் இரண்டையும் வாசித்தவர்களால் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஓடி வந்தவன் வாசலில் நிற்க வேண்டும். பழைய நகரங்களில் வாசல் என்பது வெறும் கதவு இல்லை. மதிலின் கனத்துக்கு உள்நோக்கிப் போகும் வழி, இரண்டு பக்கமும் அறைகள். ஊர்ப் பெரியவர்கள் கூடுவதும் வழக்குப் பேசுவதும் அங்கேதான். யோசுவா 20இன்படி அவன் அங்கே நின்றபடியே நடந்ததைப் பெரியவர்கள் காதில் சொல்ல வேண்டும். அவர்கள் அவனை உள்ளே அழைத்துக்கொண்டு தங்க இடம் தர வேண்டும். துரத்தி வந்தவன் கேட்டாலும் ஒப்படைக்கக் கூடாது. ஓடி வந்து மூச்சு இரைக்க நிற்கிறவன் முதலில் செய்ய வேண்டிய வேலை, என் கையால் ஒருவன் செத்தான் என்று வாய்விட்டுச் சொல்வது. அதைச் சொன்ன பிறகுதான் கதவு திறக்கிறது.

எபிரேயத்தில் இந்த ஊர்களுக்குப் பெயர் 'மிக்லாத்' ஊர்கள். உள்வாங்கிக்கொள்வது என்ற பொருளுள்ள வேர்ச்சொல்லிலிருந்து வந்தது அது. ஊர் அவனை உள்வாங்கிக்கொள்கிறது. இன்றைய இஸ்ரேலில் அதே சொல், குண்டு விழும்போது மக்கள் ஓடி ஒளியும் காப்பறைக்கு வழங்குகிறது.

அடைக்கலம் கிடைத்துவிட்டதால் வழக்கு முடிந்துவிடாது. சபையார் கூடி, கொன்றவனுக்கும் கோயேலுக்கும் நடுவில் நின்று தீர்க்க வேண்டும். எதை வைத்துத் தீர்ப்பது? எண்ணாகமம் 35 இரண்டு விதமாகப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, கருவி. இரும்பாயுதம், சாகடிக்கக்கூடிய கல், கையடக்கமான மரத்தடி இவற்றால் ஓங்கி அடித்திருந்தால் அது கொலை. மற்றது, மனம். பகை இருந்ததா, பதுங்கி இருந்தானா, முன்பே வெறுத்தானா என்று பார்க்க வேண்டும். பகையில்லாமல் திடீரென்று தள்ளியிருந்தாலோ, ஆள் இருப்பதைக் காணாமல் கல்லை விழப்பண்ணியிருந்தாலோ அது வேறு. ஒரே சாட்சியை வைத்து யாரையும் சாவுக்கு ஒப்புக்கொடுக்கக் கூடாது என்ற விதியும் அங்கேயே வருகிறது. பகையினால் பதுங்கிக் கொன்றவன் இந்த ஊர்களில் ஒன்றுக்கு ஓடி வந்திருந்தால், அவனுடைய சொந்த ஊர்ப் பெரியவர்கள் ஆள் அனுப்பி அவனைப் பிடித்துவந்து கோயேலிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது உபாகமம். முதலில் எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது. விசாரணைக்குப் பிறகு சிலருக்கு அது திறந்திருக்கவில்லை.

இன்னொன்று. இந்த ஊர்கள் இஸ்ரவேலருக்கு மட்டும் உரியவை இல்லை. அவர்களோடு வாழும் அந்நியருக்கும், வந்து தங்கியவருக்கும் இதே வாசல், இதே விசாரணை என்று எண்ணாகமம் தெளிவாகச் சொல்கிறது.

குற்றமில்லை என்று தீர்ந்தவன் வீட்டுக்குப் போக முடியாது என்பதுதான் இன்று வாசிக்கிறவர்களைத் திடுக்கிட வைக்கும். அவன் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டி வெளியே வந்து கோயேல் கண்ணில் பட்டால், கோயேல் அவனைக் கொன்றாலும் கோயேல்மேல் பழி இல்லை. அதாவது அதே மதில் அவனுக்குக் காவலாகவும் இருக்கிறது, சிறையாகவும் இருக்கிறது. பணம் கொடுத்து வெளியே வரவும் வழியில்லை. கொலைகாரன் உயிருக்கு ஈடாகப் பணம் வாங்கக் கூடாது என்பது மட்டுமில்லை, அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடியவன் முன்கூட்டியே ஊர் திரும்பப் பணம் வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது.

இதன் கனத்தை உணர, கொஞ்சம் கிழக்கே பாபிலோனைப் பார்க்கலாம். கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹமுராபி சட்டத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு விதி இருக்கிறது. கைகலப்பில் அடிபட்டவன் செத்துப்போனால், அடித்தவன் வேண்டுமென்று அடிக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வெள்ளியைக் கட்ட வேண்டும். செத்தவன் மேல்தட்டுக்காரனாக இருந்தால் அரை மினா எடை, சாதாரணக் குடிமகனாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மினா. காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, செத்தவன் குடும்பத்துக்குக் கையில் ஏதாவது கிடைக்கிறது. இஸ்ரவேலின் சட்டத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பணமாக ஒன்றும் வருவதில்லை. அது ஒரு குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணக்காரன் கை தவறினாலும் ஏழை கை தவறினாலும் இழப்பது ஒன்றே: வீடு, வயல், சொந்த ஊர், எத்தனை ஆண்டு என்று தெரியாத காலம். செத்தவன் யாராக இருந்தாலும் விலை மாறுவதில்லை.

கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்துக்கு டிராகோ கி.மு. 621 வாக்கில் வகுத்த கொலைச் சட்டமும் முன்யோசனையின்றிக் கொன்றவனை நாட்டைவிட்டு அனுப்பியது. ஆனால் அங்கே செத்தவனின் தகப்பன், சகோதரர், மகன்கள் எல்லாரும் சம்மதித்தால் அவனை மன்னிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் முடியாது. இஸ்ரவேலில் மன்னிக்கும் சுமையை அந்தக் குடும்பத்தின் தலையில் வைக்கவில்லை. காலத்தின் தலையில், ஒரு முதியவரின் ஆயுளின் தலையில் வைத்தார்கள்.

அந்த முதியவர் ஏன் பிரதான ஆசாரியராக இருக்க வேண்டும் என்று பைபிள் காரணம் சொல்லவில்லை. அதனால் ஆளாளுக்கு யோசித்திருக்கிறார்கள். புது அரசர் பட்டமேறும்போது கைதிகளை விடுவிப்பதுபோல இது என்பது ஒரு விளக்கம். சிந்திய ரத்தம் மண்ணைத் தீட்டாக்குகிறது, சாவுக்கு ஈடு சாவுதான், பரிசுத்த தைலத்தால் அபிஷேகம் செய்யப்பட்டவரின் இயற்கையான சாவு அந்தக் கணக்கைத் தீர்க்கிறது என்பது இன்னொன்று. எண்ணாகமத்தின் சொற்களுக்கு நெருக்கமாக இருப்பது இதுதான். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிதேஸ் மனித மனத்தின் பக்கமாக நின்று பார்த்தார். நாடே மதிக்கும் ஒருவர் இறந்தால் நாடே அழும். அந்தப் பெரிய துக்கத்தில் கோயேலின் தனித்துக்கம் கொஞ்சம் கரையும். ஓடிப்போனவன் அப்போது ஊர் திரும்பினால் கோயேலின் கை ஓங்காது. சாவு வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

பட்டணங்களுக்கு முன்பு என்ன இருந்தது? யாத்திராகமம் 21 இன்னும் பழைய ஓர் ஏற்பாட்டைக் காட்டுகிறது. தெரியாமல் கொன்றவன் ஓடிப்போக ஓர் 'இடம்' குறிக்கப்படும், ஆனால் சதிசெய்து கொன்றவனைப் பலிபீடத்திலிருந்தும் இழுத்துக்கொண்டு போகலாம் என்கிறது அது. அப்படியானால் பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்புகிற வழக்கம் இருந்திருக்கிறது. பலிபீடத்தின் நான்கு மூலைகளும் கொம்புபோல மேலே நீண்டிருக்கும். 1973இல் தென் இஸ்ரேலின் பெயெர்செபாவில் அகழ்ந்தபோது, ஒரு பண்டகசாலையின் சுவரில் வெறும் கல்லாக வைத்துக் கட்டப்பட்டிருந்த துண்டுகளை அடையாளம் கண்டு சேர்த்துப் பார்த்தார்கள். கொம்புகள் வைத்த பெரிய கல் பலிபீடம் ஒன்று எழுந்து நின்றது. பயந்தவன் கை எதைப் பிடித்திருக்கும் என்பதை அந்தக் கல்லைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

சாலொமோன் அரசனானபோது அண்ணன் அதோனியா அப்படிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு உயிர் தப்பினான். தாவீது அரசனின் படைத்தலைவன் யோவாபும் பிடித்தான், தப்பவில்லை. சமாதான காலத்தில் இரண்டு படைத்தலைவர்களை வஞ்சகமாகக் கொன்றவன் என்று சொல்லி, பலிபீடத்தருகிலேயே அவனைக் கொன்றார்கள். அந்த இருவரில் ஒருவன் அப்னேர். அப்னேர் போரில் யோவாபின் தம்பி ஆசகேலைக் கொன்றிருந்தான். பின்தொடராதே என்று இரண்டு முறை சொல்லியும் ஆசகேல் கேட்கவில்லை, வேறு வழியின்றித்தான் கொன்றான். பின்பு தாவீதோடு சமாதானம் பேசிவிட்டுத் திரும்பியவனைத் தனியாகப் பேச வேண்டும் என்று ஒதுக்கி அழைத்துப்போய் யோவாப் வயிற்றில் குத்தினான். குத்திய இடம் எபிரோனின் நகரவாசல். பட்டியல்படி எபிரோன் அடைக்கலப் பட்டணம். பெரியவர்கள் உட்கார்ந்து, ஓடி வருகிறவனின் பேச்சைக் கேட்க வேண்டிய அதே வாசல்.

இந்த ஆறு ஊர்களில் ஒன்றுக்குப் போய் உயிர் பிழைத்ததாகப் பெயர் சொல்லி ஒருவர் கதைகூட பைபிளில் இல்லை. தாவீதின் முன்னால் வந்து நிற்கும் தெக்கோவா ஊர்ப் பெண், தன் மகன்கள் இருவர் வயலில் சண்டையிட்டதில் ஒருவன் செத்துவிட்டான், மிஞ்சியவனையும் கொல்ல உறவுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று கதறுகிறாள். அவள் சொன்னது யோவாப் சொல்லிக்கொடுத்த கற்பனை வழக்கு. அதில்கூட அடைக்கலப் பட்டணத்தைப் பற்றிப் பேச்சில்லை, அரசனின் வாக்குத்தான் காப்பு. இதனால் இந்த ஏற்பாடு எழுத்தில் மட்டும் இருந்ததோ என்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா அரசன் ஊரூராக இருந்த பலிபீடங்களை இடித்து வழிபாட்டை ஜெருசலேமில் மட்டும் வைத்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் அடைக்கலம் இல்லாமல் போயிற்று, அந்த இடத்தை நிரப்பத்தான் உபாகமம் ஊர்களைக் குறித்தது என்பது அவர்களில் ஒரு சாராரின் கருத்து. வேறு சிலர் வழக்கம் அதற்கும் முந்தையது என்கிறார்கள். எப்படியானாலும் ஒரு சமுதாயம் இதை எழுதி வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வாசித்தது.

வாசித்தது மட்டுமில்லை. கி.பி. 70இல் ரோமப் படை ஜெருசலேம் ஆலயத்தை அழித்தது. அதோடு பிரதான ஆசாரியரும் இல்லை. அதற்குப் பிறகு, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும், அதன்மேல் பல நூற்றாண்டுகள் நடந்த விவாதங்களைச் சேர்த்த தல்மூத்திலும், யூத ரபிமார்கள் இந்த ஊர்களைப் பற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். ஓடி வர ஆளில்லை, சேர ஊரில்லை. ஆனாலும் நாளைக்கே ஒருவன் வாசலில் வந்து நிற்கப்போகிறான் என்பதுபோலப் பேசுகிறார்கள். எனக்கு இந்தச் சட்டத்தின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் தெரிகிறது.

அந்தக் கோடாலியையே எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். காம்பிலிருந்து இரும்பு கழன்று கொன்றால் அவன் ஓட வேண்டுமா, வெட்டுப்படும் மரத்திலிருந்து சிராய் தெறித்துக் கொன்றால் ஓட வேண்டுமா? இரும்பு கழன்றால் ஓட வேண்டும், சிராய்க்கு வேண்டாம் என்கிறார்கள் பெரும்பாலான அறிஞர்கள். ரபி யூதா ஹநாசி நேர் எதிராகச் சொல்கிறார். ஏணியில் இறங்கும்போது தவறி ஒருவன்மேல் விழுந்து கொன்றால் ஓட வேண்டும், ஏறும்போது விழுந்தால் வேண்டாம். கயிற்றில் ஜாடியை இறக்கும்போது விழுந்தால் ஓட வேண்டும், மேலே இழுக்கும்போது விழுந்தால் வேண்டாம். கீழ்நோக்கி இறக்கும் வேலையில், கீழே ஆள் இருக்கலாம் என்று நினைக்க வேண்டியது கடமை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கல்லை வீசிய பிறகு, அது காற்றில் இருக்கும்போது ஒருவன் தலையை நீட்டி அடிபட்டால்? வீசியவன் ஓட வேண்டியதில்லை என்கிறார் ஒரு ரபி. கவனக்குறைவுக்கும் தற்செயலுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று கைவேலை செய்கிற மனிதர்களின் வாழ்க்கையிலிருந்தே அளந்து பார்க்கிறார்கள்.

வழியைப் பற்றி இன்னும் கவனமாக இருக்கிறார்கள். தனியார் பாதை 4 முழம், ஊருக்கு ஊர் போகும் வழி 8 முழம், பொதுச்சாலை 16 முழம். அடைக்கலப் பட்டணத்துக்குப் போகும் சாலை 32 முழம். பிரிவுச் சாலைகளில் 'மிக்லாத்' என்று எழுதி வைக்க வேண்டும். பதறி ஓடுகிறவன் வழி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, கேட்டாலும் யாரிடம் கேட்டோம் என்பதே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்டுதோறும் யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 15ஆம் நாள் நீதிமன்றம் ஆட்களை அனுப்பி இந்தச் சாலைகளைச் சீர்செய்ய வேண்டும் என்று மைமோனிதேஸ் தன் சட்டத் தொகுப்பில் எழுதினார். அது குளிர்கால மழை ஓயும் காலம். வழியில் கோயேல் எதிர்ப்பட்டால் அவனோடு பேச, படித்த இருவரைத் துணைக்கு அனுப்ப வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. அவர்கள் கையில் ஆயுதம் இருப்பதாக மிஷ்னா சொல்லவில்லை. பேசுவதற்கு மட்டும்தான்.

அந்த ஊர்களும் பெருநகரமாக இருக்கக் கூடாது, குக்கிராமமாகவும் இருக்கக் கூடாது. தண்ணீர் வேண்டும், சந்தை வேண்டும். ஆயுதம் விற்கக் கூடாது, வேட்டை வலை விற்கக் கூடாது என்றார் ஒரு ரபி. சீடன் ஓடிப்போனால் குருவும் கூடப் போக வேண்டும் என்கிறது தல்மூத். அவன் பிழைத்திருக்க வேண்டும் என்றுதானே சட்டம் சொல்கிறது, படிப்பில்லாமல் இருப்பது பிழைத்திருப்பதா என்பது அவர்கள் நியாயம்.

ஓடிவந்தவர்கள் எல்லாரும் ஒரே ஒரு சாவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. பிரதான ஆசாரியர்களின் தாய்மார்கள் அந்த ஊர்களில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் துணியும் அனுப்புவார்களாம், தங்கள் மகன்கள் சாக வேண்டும் என்று அங்கே இருப்பவர்கள் பிரார்த்திக்காமல் இருக்க. மிஷ்னாவில் ஒரே வரியில் வருகிற செய்தி இது. ஒரு பக்கம் தன் பிள்ளையின் ஆயுளுக்காகப் பயப்படும் தாய், இன்னொரு பக்கம் அந்த ஆயுள் முடிந்தால்தான் தன் பிள்ளைகளைப் பார்க்க முடிகிற தகப்பன். நடுவில் ஒரு சாப்பாட்டு மூட்டை.

எல்லையை விட்டு அவன் எதற்காகவும் வெளியே வரக்கூடாது என்பதில் மட்டும் அவர்கள் இளகவில்லை. வழக்கில் சாட்சி சொல்லவும் வரக்கூடாது. இஸ்ரவேல் நாட்டுக்கே அவன் தேவைப்பட்டாலும், படைத்தலைவன் யோவாபைப் போன்ற ஒருவனாக இருந்தாலும் வரக்கூடாது. எத்தனையோ பெயர்கள் இருக்க, அவர்கள் சொன்ன பெயர் யோவாப்.

உள்ளே அவனை எப்படி நடத்துவது? ஊரார் அவனுக்கு மரியாதை செய்ய விரும்பினால், 'நான் கொலை செய்தவன்' என்று அவன் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பரவாயில்லை என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். முதல்நாள் வாசலில் சொன்னதை இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு விருந்தில் அவன் மறுபடி சொல்கிறான். மறைத்து வாங்கிய மரியாதை அவனை உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். தெரிந்த பிறகும் கிடைத்த மரியாதையை அவன் கூச்சமில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் ஜெருசலேமிலிருந்து சாவுச்செய்தி வருகிறது. யோசுவா 20இன்படி அவன் தான் ஓடிவந்த ஊருக்கு, தன் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். கோயேல் இனி அவனைத் தொட்டால் அதுதான் கொலை. ஆனால் ஊரில் அவன் முன்பு ஒரு பொறுப்பில், ஒரு பதவியில் இருந்திருந்தால் அது திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்றார் ரபி மெயிர். கிடைக்காது என்றார் ரபி யூதா. மிஷ்னா இருவர் சொன்னதையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.